பிளஸ் டூ லீவில் தையல்: விடுதிக்குப் போகும் முன் தைக்க வேண்டியவை, எடுத்து வைக்க வேண்டியவை

இஞ்ச்டேப் எழுதியது:

பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்துவிடும். எந்தக் கல்லூரியானாலும் முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அந்த லீவில் தையல் பழக நினைப்பவர்கள் நேராக பிளவுஸ், சுடிதார் என்று இறங்கிவிடுகிறார்கள். கழுத்து வளைவு, கை ஏற்றம், டார்ட் (உடம்புக்குப் பொருந்த எடுக்கும் மடிப்புத் தையல்) எல்லாம் ஒரே துணியில் வந்து மலைப்பாகி, பாதியிலேயே துணி மூலைக்குப் போகிறது. அதற்குப் பதில் விடுதிக்குத் தேவையானதைத் தைக்கத் தொடங்கினால் எல்லாமே நேர்த்தையல். தலையணை உறை, அழுக்குத்துணிப் பை, மெத்தை விரிப்பு, தோள்பை. இவை முடிவதற்குள் ஓரம் மடிப்பது, நாடா கோர்ப்பது, எலாஸ்டிக் வைப்பது, வார் பிடிப்பது எல்லாம் பழகிவிடும். பையன்களும் தைக்கட்டும். விடுதியில் பட்டன் அறுந்தால் அவரவர் கைதான்.

துணி: காடா (வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி) அல்லது காட்டன் பாப்லின். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காடா மீட்டருக்கு இரண்டு இஞ்ச் வரை சுருங்கும். நனைக்காமல் தைத்த உறை முதல் சலவைக்குப் பிறகு தலையணைக்கு ஏறாது.

முதல் வேலையாகத் தலையணை உறை. 17க்கு 27 இஞ்ச் தலையணை என்று வைத்துக்கொள்வோம். ஒரே துண்டாக 18 இஞ்ச் அகலம், 62 இஞ்ச் நீளம் வெட்டுங்கள். நீளத்தில் 54 இஞ்ச் முன்பக்கமும் பின்பக்கமும், 6 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பு, 2 இஞ்ச் இரண்டு ஓரத்துக்கு. குறுகிய ஓரம் இரண்டையும் முதலில் கால் இஞ்ச், அடுத்து முக்கால் இஞ்ச் என்று மடித்து அடியுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, இரண்டு முனையிலிருந்தும் பதினாறரை இஞ்ச் உள்ளே மடித்தால் நடுவில் 6 இஞ்ச் ஏறி நிற்கும். பக்கவாட்டில் அரை இஞ்ச் விட்டுத் தையல் போட்டுத் திருப்பினால் முடிந்தது. ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். மடிப்பு ஏறுகிற இடத்தில் இரண்டு தடவை ரிவர்ஸ் (பின்னோக்கி அதே கோட்டில் தையல்) எடுங்கள், கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

நூல்கண்டு எழுதியது:

நல்ல தொடக்கம் அக்கா. ஒரு எச்சரிக்கை மட்டும். 36 இஞ்ச் பன்னா (துணியின் அகலம்) துணியை நடுவில் பிளந்தால் 18, 18 என்று இரண்டு உறை கிடைக்கும்னு கடையிலேயே சொல்வாங்க. நனைச்ச பிறகு அது 35 ஆகவோ அதற்கும் கீழேயோ இறங்கிடும். தையலுக்கு ஒரு இஞ்ச் போனால் மிச்சம் பதினாறரை. புதுத் தலையணையை அதில் திணிச்சால் தையல் பிளக்கும். 44 பன்னாவில் ஒன்றே முக்கால் மீட்டர் வாங்குங்க. இரண்டு உறை தாராளமா வரும், பக்கத்தில் ஐந்தாறு இஞ்ச் அகலத்துக்கு நீளமா ஒரு துண்டும் மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாதீங்க, அழுக்குத்துணிப் பைக்கு நாடா அதிலேயே தைக்கலாம்.

இன்னொன்று, பிசிர். வீட்டு மெஷினில் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூல் சுற்றி அடிக்கிறது) கிடையாது. ஓவர்லாக் கடைக்குத் தூக்கிட்டுப் போறதைவிட பிரெஞ்சு தையல் பழகுவது மேல். துணியின் கெட்ட பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து கால் இஞ்சில் ஒரு தையல். பிசிரை எட்டில் ஒரு இஞ்ச் விட்டு நறுக்கிட்டு, உறையை உள்வெளியாகத் திருப்பி, ஓரத்தை நகத்தால் அழுத்தி இஸ்திரி போட்டு, எட்டில் மூன்று இஞ்சில் இரண்டாவது தையல். பிசிர் உள்ளேயே அடைபட்டுவிடும். நறுக்காமல் விட்டால் இரண்டாவது தையலுக்கு வெளியே நூல் நூலாக எட்டிப் பார்க்கும். எல்லாரும் இந்த இடத்தில்தான் வழுக்குறாங்க.

இந்தத் தையலுக்குப் பக்கத்துக்கு எட்டில் ஐந்து இஞ்ச் வேணும். அதனால் அகலம் 18 இல்லை, பதினெட்டே கால் வெட்டணும். மடிக்கிறதும் தலைகீழ், கெட்ட பக்கம் மேலே இருக்கணும்.

பாபின் எழுதியது:

துணி எடுத்து நனைத்தாகிவிட்டது, மெஷின் ஓடணுமே. பல வீடுகளில் அம்மாவோ அத்தையோ தைத்த கறுப்பு மெஷின் வருஷக்கணக்கில் மூடியே கிடக்கும். அதை எடுத்ததும் துணி வைக்காதீர்கள்.

ஊசிக்குக் கீழே அடிநூல் இருக்கும் ஷட்டில் பகுதியைத் திறந்து பஞ்சையும் நூல் துண்டையும் பழைய டூத் பிரஷால் எடுங்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, காய்ந்தால் பிசினாகி ஒட்டிக்கொண்டு சக்கரமே சுற்றாது. எண்ணெய் விட்டபின் ஊசி, நூல் இல்லாமல் ஐந்து நிமிஷம் மிதித்து ஓட்டி, பழைய துணியில் நாலு வரி தைத்து எண்ணெய்க் கறையை எடுத்துவிடுங்கள். தோல் பெல்ட் தொய்ந்து சக்கரத்தில் வழுக்கினால், கம்பிக் கொக்கியைக் கழற்றி அரை இஞ்ச் வெட்டி மறுபடி மாட்டினால் போதும். ரொம்ப இறுக்கினால் மிதிக்கவே கால் வலிக்கும்.

பழைய ஊசியை யோசிக்காமல் எறியுங்கள். காடா, பாப்லினுக்கு 14 நம்பர், ஜீன்ஸ், கேன்வாஸுக்கு 16 அல்லது 18. ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டை இருக்க வேண்டும், ஊசியை முட்டும் வரை மேலே தள்ளித் திருகை இறுக்க வேண்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொள்கிறது என்றால் எல்லாரும் பாபின் கேஸை (அடிநூல் கூட்டை) கழற்றித் திருகைத் திருப்புவார்கள். பெரும்பாலும் கோளாறு மேலேதான். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. ஃபுட்டைத் தூக்கி வைத்து மறுபடி கோர்த்தால் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகிவிடும். பாபின் கேஸ் திருகில் தேவையில்லாமல் கைவைக்காதீர்கள்.

ஊசி உடைகிறது என்றால் துணியைப் பின்னாலிருந்து இழுக்கிறீர்கள். கை வழி காட்டட்டும், இழுக்கிற வேலை ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பல்லுக்கு.

முதலாமாண்டு எழுதியது:

அழுக்குத்துணிப் பைக்கு அளவு சொல்லுங்க ப்ளீஸ். ஒரு வாரத் துணி கொள்ளணும், கட்டில் கம்பியில் மாட்டுற மாதிரி வேணும்.

நூல்கண்டு எழுதியது:

தைத்து முடிச்சா 18க்கு 24 இஞ்ச் இருக்கட்டும்மா. ஒரு வாரச் சுடிதார், உள்ளாடை, ஒரு துண்டு வரை கொள்ளும். இதைவிடப் பெரிசா தைச்சா நிரம்புற வரைக்கும் துவைக்கத் தோணாது, தூக்கவும் முடியாது.

19 இஞ்ச் அகலம், 52 இஞ்ச் நீளம், ஒரே துண்டு. அடியில் தையலே வராது, மடிப்புதான், அதனால் பாரம் தாங்கும். நாடா போகிற வாயை முதலில் முடிக்கணும், பக்கத்தை அப்புறம் தைக்கணும். இந்த வரிசை மாறினால் நாடா உள்ளே போக வழியே இருக்காது.

துணியின் நாலு மூலையிலும், நீளவாட்டு ஓரத்தில் 4 இஞ்ச் தூரத்துக்கு அரை இஞ்ச் உள்ளே மடித்துத் தையல் போடுங்க. அடுத்து மேல் ஓரத்தை அரை இஞ்ச், பிறகு ஒன்றேகால் இஞ்ச் மடித்து, மடிப்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு தையல். அதுதான் நாடாப் பாதை. எதிர் ஓரத்திலும் இதே மாதிரி. இப்போ நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டாக மடித்து, நாடாப் பாதைக்குக் கீழே ஆரம்பித்து அடி வரைக்கும் அரை இஞ்ச் விட்டு இரண்டு பக்கமும் தையுங்க. ஆரம்பிக்கிற இடத்தில் மூன்று ரிவர்ஸ். பையைத் திறந்து மூடுகிற இழுவை முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் விழுது.

நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 46 இஞ்ச். மிச்சத் துணியில் ஒன்றரை இஞ்ச் அகலத்துக்குக் கீற்று வெட்டி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்து அடிச்சா நாலு மடிப்பு நாடா ரெடி. ஊக்கில் குத்தி முதல் நாடாவை இடது பக்கம் நுழைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் சுற்றி இடது பக்கமே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்க. இரண்டாவது நாடா வலது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு. இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் பூட்டின மாதிரி மூடும். ஒற்றை நாடாவென்றால் ஒரு பக்கம் இடைவெளி விட்டே நிற்கும்.

ஈரத் துண்டை இதுக்குள்ளே போடாதீங்க, காடாவில் ஒரே ராத்திரியில் நாற்றம் பிடிக்கும். ஈரத்துக்குக் கொசுவலைத் துணியில் இதே மாதிரி சின்னதா இன்னொன்று, 12க்கு 15. வலைத்துணியை ஒற்றையா தைச்சா ஓட்டையில் தையல் நழுவும், ஓரத்தில் காட்டன் பட்டி வைத்துத் தையுங்க.

தறிநூல் எழுதியது:

மெத்தை விரிப்பு பற்றிச் சொல்கிறேன். ஈரோடு, சென்னிமலை, கரூர் பக்கம் கிடைக்கிற 60க்கு 90 இஞ்ச் சிங்கிள் பெட்ஷீட் ஒன்று போதும். அதில் எலாஸ்டிக் வைத்து மெத்தைக்கு மாட்டும் விரிப்பாக மாற்றிவிட்டால் விடுதி மெத்தையில் சுருண்டு வராது. முதலில் துவைத்துச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

36க்கு 72 மெத்தை, 4 இஞ்ச் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 9 இஞ்ச் வேண்டும்: 4 இஞ்ச் பக்கவாட்டுக்கு, 4 இஞ்ச் மெத்தைக்கு அடியில் மடங்க, 1 இஞ்ச் எலாஸ்டிக் பாதைக்கு. ஆக 54க்கு 90. துவைத்தபின் நீளம் 87 ஆக இறங்கினாலும் பரவாயில்லை, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடியில் போவது 4க்குப் பதில் இரண்டரை ஆகும். அதற்கும் குறைந்தால் ராத்திரி புரளும்போது கழன்றுவரும்.

நாலு மூலையிலும் எட்டரை இஞ்ச் சதுரம் வெட்டி எடுங்கள். 9 இஞ்ச் வெட்டக் கூடாது. வெட்டின இரண்டு விளிம்பையும் சேர்த்து அரை இஞ்சில் தைத்தால் கணக்கு 9க்கு வந்து நிற்கும். 9 வெட்டினால் மேல்பரப்பு எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் குறைந்து, மெத்தை மூலையில் துணி விறைத்து ஒரே மாதத்தில் அங்கே கிழியும். (87 நீளம் என்றால் மூலை சதுரமாக வராது, நீளவாட்டில் 7, அகலவாட்டில் எட்டரை.) இந்த மூலைத் தையல் பிரெஞ்சு தையலாக வேண்டாம், தடித்துப்போய் எலாஸ்டிக் நுழையாது. இரட்டைத் தையல் போதும்.

சுற்றிலும் 1 இஞ்ச் பாதை மடித்து அடியுங்கள், மூலைக்கு இரண்டு பக்கமும் 9 இஞ்ச் தள்ளி ஒவ்வோர் இடைவெளி விட்டு. அரை இஞ்ச் எலாஸ்டிக்கை 9 இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, அந்த 18 இஞ்ச் தூரத்துக்குள் இழுத்து இரு முனையும் குறுக்கே மூன்று தடவை தையுங்கள். நாலு மூலைக்கு மொத்தம் ஒரு மீட்டர் எலாஸ்டிக் ஆகும்.

விடுதிச்சாவி எழுதியது:

தறிநூல் அண்ணா சொல்ற அளவு சரி. ஆனா அட்மிஷன் முடிஞ்சு விடுதி எதுன்னு தெரியற வரைக்கும் பெட்ஷீட்டில் கத்தரி வைக்காதீங்க. சில விடுதியில் மெத்தை அவங்களே தருவாங்க, சில இடத்தில் வெறும் கட்டில், சில இடத்தில் அடுக்குக் கட்டில், 30 இஞ்ச் அகலம்கூட உண்டு. விடுதி அலுவலகத்துக்குப் போன் போட்டு கட்டில் நீள அகலம், மெத்தை உண்டா, பூட்டு யாருது, இஸ்திரிப் பெட்டி அனுமதிப்பாங்களா, இந்த நாலையும் கேட்டுக்கோங்க. கடைசிக் கேள்வி தையலுக்கும் சம்பந்தம் உள்ளது. இஸ்திரிக்கு அனுமதி இல்லைன்னா போடறதுக்கு வெறும் காட்டன் மட்டும் வாங்கிட்டுப் போகாதீங்க, காட்டன் கலந்த பாலியெஸ்டர் நாலு செட் இருக்கட்டும்.

அதுவரைக்கும் உறை, பை, பவுச் தைக்கலாம். அளவு மாறாத பொருள் முதல்லே, அளவு தெரியணும்கிற பொருள் கடைசியிலே.

முதலாமாண்டு எழுதியது:

சான்றிதழ் எல்லாம் வைக்கிறதுக்கு ஒரு துணிப் பை தைக்கலாமா? என்னென்ன எடுத்து வைக்கணும்னும் சொன்னா நல்லது.

இசேவை எழுதியது:

பை அப்புறம், தாள் முதலில். இதில் நாள் பிடிக்கிற வேலை வருவாய்த் துறைச் சான்றிதழ்கள்தான். மதிப்பெண் வரட்டும் என்று காத்திருந்தால் மே மாதம் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கலாம்.

சாதிச் சான்றிதழ் ஏற்கனவே இருக்கும், பெயர் எழுத்துக்கூட்டல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், பழையது இருந்தாலும் தேதி பாருங்கள். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் மிக முக்கியம். அரசு கலந்தாய்வில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணச் சலுகை அதை வைத்துத்தான். குடும்ப அட்டையில் உள்ள எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் இரண்டாவது பிள்ளைக்குக் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகப் போவதால் இதற்குத்தான் அதிக நாள் ஆகும். தமிழ்நாட்டுக்கு வெளியே சில வகுப்புகள் படித்தவர்கள் இருப்பிடச் சான்றிதழும் எடுக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் அதற்கான படிப்புச் சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் வாங்கிவிடுங்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அதுதான் ஆதாரம். ஆறு, ஏழு, எட்டு வேறு பள்ளி என்றால் அந்தப் பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். பள்ளி திறந்திருக்கும் நாள்களிலேயே போங்கள்.

மாற்றுச் சான்றிதழ் உட்பட அசலைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றும் பத்து ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். அசலை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை வைக்கவோ சரிபார்க்கவோ வேண்டி வந்தால் வழி இருக்காது.

நூல்கண்டு எழுதியது:

இதோ பை. ஃபைலை வாங்கின பிறகு அதை அளந்து தையுங்க. உதாரணமா ஃபைல் 10க்கு 14 என்றால் உள்ளளவு 11க்கு 15. தலையணை உறை மாதிரியேதான், ஆனா நடுவில் திறப்பு வேண்டாம், ஒரு முனையில் 5 இஞ்ச் மூடி. வெளியே காடா, உள்ளே மழைத்துணி என்று விற்கிற நைலான். ஜூலை ஆகஸ்டில் மழையில் பஸ்ஸில் போக வேண்டி வரும், காடா மட்டும்னா நனைஞ்சு தாளும் நனையும். மூடிக்கு வெல்க்ரோ இரண்டு இடத்தில். வெல்க்ரோவின் பசை ஊசியில் ஒட்டினால் தையல் விடும், பசை இல்லாத, தைக்கிற வகை கேட்டு வாங்குங்க.

கல்விக்கடன் எழுதியது:

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. முதலாவது மாணவிகளுக்கு, மற்றது மாணவர்களுக்கு. இரண்டிலும் மாதம் 1000 ரூபாய், படிப்பு முடியும் வரை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அதற்கென ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) குறித்து எடுத்துப் போங்கள்.

பணம் தாமதமாவதற்குப் பெரிய காரணம் கணக்கு. மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அம்மாவோடு சேர்ந்த கணக்கு வேண்டாம். ஆதார் வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்காக ஆதாரோடு இணைத்திருப்பது வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டார்களா என்று வங்கியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பள்ளிக் காலத்தில் திறந்த கணக்கு ரொம்ப நாள் பயன்படாமல் முடங்கியிருந்தால் இந்த லீவிலேயே உயிர்ப்பித்துவிடுங்கள்.

பட்டறை எழுதியது:

பொறியியல் போகிறவர்களுக்கு: முதல் வருஷத்தில் வரைபடப் பாடத்துக்கு மினி டிராஃப்டர் (பலகையில் மாட்டிக் கோடு போடும் கருவி) வாங்கச் சொல்வார்கள். ஆட்டமில்லாத இணைப்பு முக்கியம். பஸ்ஸில் இடிபட்டு இணைப்பு தளர்ந்தால் கோடு கோணலாகும். அதற்கு ஒரு நீள உறை தைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய டிராஃப்டரை மடித்த நிலையில் அளந்து, சுற்றிலும் ஒன்றரை இஞ்ச் கூட்டி, பழைய ஜீன்ஸ் காலில் வெட்டினால் பாதித் தையல் மிச்சம். ஏற்கனவே குழாயாக இருக்கிறதே! ஒரு முனையை இரட்டைத் தையலில் மூடி, மறுமுனையில் நாடாப் பாதை.

லேப் கோட் வாங்கும்போது துணியைப் பாருங்கள். வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் இருக்கும். பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முழுக் காட்டன் இல்லையென்றால் காட்டன் அதிகம் உள்ளதாவது வாங்குங்கள். கை முழுக்கை, நீளம் முழங்கால் வரை. கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கினால் அமிலக் குப்பியில் படும், ஒரு இஞ்ச் மடித்துக் கைத்தையலில் பிடித்துவிடுங்கள். காலருக்கு உள்ளே இனிஷியலோடு பெயரைச் சங்கிலித் தையலில் போட்டு வையுங்கள். மார்க்கர் மை நாலு சலவையில் மங்கும், ஐம்பது பேர் கோட்டும் ஒரே மாதிரி வெள்ளைதான்.

சிடிஎஃப் எழுதியது:

காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் சேரப் போறேன். வீட்டு மெஷினில் நல்லாத் தைப்பேன். கல்லூரியில் பவர் மெஷின்னு சொல்றாங்க, லீவிலேயே என்ன தயார் பண்ணலாம்?

பாபின் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. கல்லூரி லேபில் இருப்பது ஒற்றை ஊசித் தொழிற்சாலை மெஷின். வித்தியாசம் வேகத்தில். மிதியைத் தொட்டாலே ஒரு முழம் ஓடிவிடும். முதல் நாள் நூல் கோர்க்காமல், நோட்டுத் தாளில் கோடு போட்டு அதன்மேல் ஓட்டிப் பழகுங்கள். நேர்க்கோடு, பிறகு சதுரச் சுருள், பிறகு வளைவு. மூலையில் நிற்கும்போது ஊசி தாளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஃபுட்டை முழங்காலால் தூக்கும் நெம்புகோல் அதில் உண்டு, கை துணியை விடவே வேண்டாம்.

ஊசியும் வேறு. வீட்டு மெஷின் ஊசிக்குத் தலையில் ஒரு பக்கம் தட்டை, தொழிற்சாலை ஊசிக்குத் தலை முழு உருளை. ஒன்றை மற்றதில் போட முடியாது. வாங்கும்போது மெஷின் வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

லீவில் மெஷினைவிட வரைவுத் தாளில் உட்காருங்கள். பலரும் தைக்கத் தெரிந்துதான் வருகிறார்கள், அளவெடுத்துத் தாளில் வரைவதில்தான் திணறுகிறார்கள். ஒரு சட்டையை எடுத்து, பிரிக்காமல், ஒவ்வொரு பாகத்தையும் டேப்பால் அளந்து பிரவுன் தாளில் வரைந்து பாருங்கள். தோள் சரிவு எத்தனை, கை உச்சிக்கும் அக்குளுக்கும் உயர வித்தியாசம் எத்தனை என்று எழுதி வையுங்கள். கத்தரிக்கோல் இரண்டு வாங்குங்கள், துணிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று. துணிக் கத்தரியில் தாள் வெட்டினால் முனை மழுங்கித் துணியைக் கடிக்கும்.

காஜாபட்டன் எழுதியது:

விடுதிக்கு மெஷின் போகாது. கைத்தையல் பெட்டி ஒன்று கட்டாயம். 7, 9 நம்பர் ஊசி தலா இரண்டு, கறுப்பு, வெள்ளை, நீலம், மரக்கலர் நூல், சட்டை பட்டன் ஆறு, ஹூக் ஒரு அட்டை, ஊக்கு பத்து, சின்னக் கத்தரி, இரண்டு மீட்டர் நாடா. நாலு தையல் தெரிந்தால் போதும்: ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், பட்டன்.

குர்த்தி பக்கவாட்டுத் திறப்பின் உச்சி பஸ் படியேறும்போது கிழியும். கிழிந்த பிறகு அதே கோட்டில் தைத்தால் மறுபடி அங்கேயே போகும். உள்பக்கம் ஒரு இஞ்ச் சதுரத் துணி வைத்துப் பின் தையலில் பிடியுங்கள். புதுக் குர்த்திகளுக்கு லீவிலேயே இதைச் செய்து வைத்தால் வேலை மிச்சம். பேண்ட் நடுத்தையல் பிரிந்தால் ஓட்டுத் தையல் நிற்காது, உட்காரும்போது துணி குறுக்கே விரியும் இடம் அது. இரட்டை நூலில் நெருக்கமான பின் தையல் வேண்டும்.

பட்டனை ஒட்டத் தைக்காதீர்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவின் கனத்துக்கு இடம் இல்லையென்றால் பட்டன் தெறிக்கும்.

விடுதிச்சாவி எழுதியது:

தையலுக்கு நடுவே இதையும் சொல்லிடறேன். சேரும்போது ராகிங்குக்கு எதிரான உறுதிமொழிப் பத்திரம் மாணவரும் பெற்றோரும் கொடுக்கணும், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடாதீங்க. யுஜிசி உதவி எண் 1800-180-5522, கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழ்நாட்டில் 1997லேயே ராகிங் தடைச் சட்டம் இருக்கு. சீனியர் "சும்மா விளையாட்டு"ன்னு சொன்னாலும் மனசுக்கு ஒப்பாததை ஒத்துக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

வருகைப்பதிவு 75 சதவீதம். முதல் செமஸ்டரில் வீட்டு நினைப்பில் வெள்ளி, திங்கள் லீவு போடறவங்கதான் இதில் மாட்டுறாங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் நாமே எண்ணிக் குறிச்சு வைக்கணும்.

முதலாமாண்டு எழுதியது:

அழுக்குத்துணிப் பை தைச்சு முடிச்சாச்சு, வாய் அழகா மூடுது! இப்போ லேப்டாப் வைக்கிற தோள்பை. ரெக்சின் வாங்கியிருக்கேன், ஃபுட்டுக்கு அடியில் ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது.

நூல்கண்டு எழுதியது:

பை முழுக்க ரெக்சின் வேண்டாம், அடிப்பாகத்துக்கு மட்டும் வைங்க. உடல் கேன்வாஸில் இருக்கட்டும். முடிச்ச அளவு 17 அகலம், 14 உயரம், 4 ஆழம். பலகம் இரண்டு, ஒவ்வொன்றும் 22க்கு 18. உள்துணியும் அதே அளவு. லேப்டாப் அறைக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை இரண்டு துணிக்கு நடுவில் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தைச்சு, பையின் அடியைத் தொடாமல் ஒரு இஞ்ச் மேலே நிற்கிற மாதிரி மாட்டுங்க. பையைத் தொப்பென்று கீழே வைத்தாலும் லேப்டாப் தரையில் இடிக்காது. பக்கமும் அடியும் தைச்ச பிறகு, அடி மூலையை முக்கோணமா விரித்து, தையல் கோடு நடுவில் வர, 4 இஞ்ச் அகலம் இருக்கிற இடத்தில் குறுக்கே தைச்சா ஆழம் கிடைக்கும்.

வார் ஒன்றேகால் இஞ்ச் காட்டன், தோளுக்கு 28 இஞ்ச், இரண்டு முனையும் பையோடு 3 இஞ்ச் இறங்க மொத்தம் 34. முனையில் சதுரம் தைச்சு உள்ளே பெருக்கல் குறி. பின்னால் ஒரு கேன்வாஸ் துண்டு வைக்காமல் தைச்சா வார் அப்படியே இருக்கும், பை துணிதான் கிழியும்.

ரெக்சின் ஒட்டுறதுக்கு: மேலே டிஷ்யூத் தாள் வைத்துத் தைச்சு, பிறகு கிழிச்சு எடுத்துடுங்க. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஊசி 16, தையல் நீளம் மூன்றரை மில்லிமீட்டர். சின்னத் தையல் போட்டால் துளை நெருங்கி, கோடு வழியாகவே கிழிஞ்சு வரும். குண்டூசி குத்தின துளையும் மறையாது, துணி கிளிப் போட்டுப் பிடிங்க. பிரிச்சுத் தைக்கவும் முடியாது என்பதால் மிச்சத் துண்டில் ஒரு வரி ஓட்டிப் பார்த்துட்டு ஆரம்பிங்கம்மா.